பந்தய பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுமுன் எதைப் பார்க்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள்?

2025 ஏப்ரலில் கத்தாரின் லுசைல் தடத்தில் நடந்த மோட்டோஜிபி (உலக பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவு) பந்தயத்தில் ஓட்டுநர் மேவரிக் வின்யாலஸ் இரண்டாவதாக வந்தார். ஆனால் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் 14ஆம் இடத்தில் இருந்தது. முன் டயரின் காற்றழுத்தம் விதித்த அளவுக்குக் கீழே போனதால் அவருடைய நேரத்தோடு 16 வினாடி சேர்க்கப்பட்டது. இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் ரசிகர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பந்தயத்துக்கு முன்பே அதிகாரிகள் பைக்கைச் சோதித்து அனுப்பினார்களே, பிறகு எப்படி விதிமீறல் வந்தது?

'ஸ்க்ரூட்டினி' என்று பந்தயக்காரர்கள் சொல்லும் தொழில்நுட்பப் பரிசோதனை எதற்காக நடக்கிறது என்பது தெளிவானால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் பந்தயத்துக்குத் தங்கள் பைக்கைத் தயார் செய்பவர்களுக்கும் அந்தத் தெளிவு தேவை. காரணம் தெரியாமல் பட்டியலை மட்டும் பார்த்துத் தயார் செய்தால், வரிசையில் போய் நின்ற பிறகுதான் எது விட்டுப்போயிற்று என்று தெரியும்.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

1. பாதுகாப்புப் பரிசோதனை. பைக் தடத்தில் இறங்கும் முன் நடப்பது. எண்ணெய் கசியுமா, பாகம் கழன்று விழுமா, பிரேக் பிடிக்குமா என்று பார்க்கிறார்கள். தேறினால் பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

2. தகுதிப் பரிசோதனை. பைக் அந்தப் பிரிவின் விதிக்குள் இருக்கிறதா என்பது. குறைந்தபட்ச எடை, எஞ்சினின் கொள்ளளவு, அனுமதிக்கப்பட்ட பாகங்கள் எல்லாம் இதில் வரும். மோட்டோஜிபி பைக் 157 கிலோவுக்குக் குறையக் கூடாது. சிறிய எஞ்சின் பைக்குகள் ஓடும் மோட்டோ3 பிரிவில் ஓட்டுநரையும் சேர்த்து எடை போட்டு, 152 கிலோவுக்குக் குறையக் கூடாது என்கிறார்கள்.

3. ஓட்டத்தின்போதும் ஓட்டம் முடிந்த பிறகும் நடக்கும் சோதனை. டயர் அழுத்தம் இந்த வகை. மோட்டோஜிபியில் முன் டயரின் அழுத்தம் 1.80 பாருக்கு (பார் என்பது காற்றழுத்த அலகு) குறையாமல் பிரதான பந்தயத்தின் 60 சதவீதச் சுற்றுகளிலாவது இருக்க வேண்டும் என்பது 2024 முதல் வந்த அளவு. டயரின் சூடு ஏற இறங்க அழுத்தமும் மாறும். முன்னால் இன்னொரு பைக் போனால் அதன் வெப்பத்தில் அழுத்தம் ஏறும், தனியாக ஓடினால் இறங்கும். நிற்கிற பைக்கில் இதை அளந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆக, வின்யாலஸ் அபராதம் வாங்கியதற்கும் முதல் வகைப் பரிசோதனைக்கும் தொடர்பே இல்லை. இனி இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த முதல் வகையைப் பற்றியதுதான். உலகப் போட்டியானாலும் கிளப் பந்தயமானாலும் அதன் அடிப்படை ஒன்றுதான். அளவுகள் மட்டும் போட்டிக்குப் போட்டி மாறும். கீழே வரும் எண்களில் பெரும்பாலானவை எஃப்.ஐ.எம். என்ற சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு தார்த் தடப் பந்தயங்களுக்கு வைத்திருப்பவை. உங்கள் போட்டியின் விதிப் புத்தகம் வேறு எண் சொன்னால் அதுதான் செல்லும்.

பின்னால் வருபவருக்காக நடக்கும் சோதனை

ஸ்க்ரூட்டினி, பைக் எவ்வளவு நன்றாக ஓடும் என்பதைப் பார்ப்பதே இல்லை. எஞ்சின் பாதி வழியில் நின்றுபோனால் அது உங்கள் கவலை. அந்த எஞ்சின் தடத்தில் எதைக் கொட்டிவிட்டு நிற்கிறது என்பதுதான் பரிசோதகரின் கவலை. 40 பைக் ஓடும் பந்தயத்தில் முன்னால் போகும் ஒருவருடைய டிரெய்ன் பிளக் (எஞ்சின் எண்ணெயை வடிக்கும் மூடி) கழன்றால், அதற்கான விலையைக் கொடுப்பவர் பின்னால் சாய்ந்துகொண்டு வளைவுக்குள் வரும் இன்னொருவர். பைக்கின் ஒவ்வொரு பாகத்தையும் அந்த இன்னொருவரின் கண்ணால் பார்க்கப் பழகினால், விதிப் புத்தகத்தின் பெரும்பகுதி தானாகவே புரிந்துவிடும்.

1973 மே 20 அன்று இத்தாலியின் மோன்சா தடத்தில், 250 சிசி பந்தயத்தின் முதல் சுற்றிலேயே பல பைக்குகள் மோதிச் சரிந்தன. ரென்சோ பசோலினி, யார்னோ சாரினன் இருவரும் அதில் இறந்தார்கள். அதற்கு முந்தைய 350 சிசி பந்தயத்தில் ஒரு பைக் தடத்தில் எண்ணெய் சிந்தியிருந்தது, அதைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று ஒரு சாரார் சொன்னார்கள். பசோலினியின் எஞ்சின் ஓட்டத்தில் இறுகிப்போனதே காரணம் என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. எந்தப் பக்கம் சரியானாலும், ஒரு இயந்திரத்தில் ஏற்பட்ட கோளாறு அதை ஓட்டியவரோடு நிற்கவில்லை.

எண்ணெயும் தண்ணீரும்

பரிசோதனையில் அதிக நேரம் எடுப்பது இதுதான். முதல் முறை வருபவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

முதலில் சேஃப்டி வயர். லாக் வயர் என்றும் சொல்வார்கள். எண்ணெய் வெளியே வரக்கூடிய ஒவ்வொரு மூடியும், அதாவது டிரெய்ன் பிளக், எண்ணெய் ஊற்றும் மூடி, வெளியே திருகப்படும் ஆயில் ஃபில்டர், எண்ணெய்க் குழாயின் போல்ட்டுகள் எல்லாம், துருப்பிடிக்காத மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் 0.8 மி.மீ. கம்பி. போல்ட்டின் தலையில் 1.5 மி.மீ. அளவுக்குத் துளையிட்டு, கம்பியை அதில் நுழைத்து, இரு முனையையும் சேர்த்து முறுக்கி, அசையாத ஓரிடத்தில் கட்டுவது முறை.

போல்ட்டை இறுக்குவது இந்தக் கம்பியின் வேலை இல்லை. போல்ட்டை முதலில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) வைத்துச் சரியான அளவுக்கு இறுக்கிவிட வேண்டும். அதிர்வில் அது தளர்ந்தாலும் முழுதாகக் கழன்று விழாமல் பார்த்துக்கொள்வதே கம்பியின் பொறுப்பு. எனவே கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது முக்கியம். போல்ட் தளரும் திசையில் திரும்ப முயன்றால் கம்பி விறைத்துத் தடுக்க வேண்டும். தலைகீழாகக் கட்டிவிட்டால் போல்ட் தளரும்போது கம்பியும் சேர்ந்து தொய்ந்துபோகும். பார்க்க அழகாக இருக்கும், பயன் சிறிதும் இல்லை. அனுபவமுள்ள பரிசோதகர் குனிந்து விரலால் கம்பியைத் தட்டிப் பார்ப்பார். தொய்வாக ஆடினால் அங்கேயே நிறுத்திவிடுவார். முறுக்கு அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு வரை இருப்பது நல்லது. மேலும் முறுக்கினால் கம்பி நைந்து, அதிர்வில் அறுந்துபோகும். வெட்டிய முனையை உள்பக்கமாக மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பைக்கைத் தொடுகிறவர் கை கிழியும்.

ஆயில் ஃபில்டரில் துளையிட முடியாது. அதைச் சுற்றி ஹோஸ் கிளாம்ப் ஒன்றை இறுக்கி, கிளாம்பின் திருகுப் பகுதியைக் கம்பியால் எஞ்சினோடு கட்டுவார்கள். இங்கேயும் கிளாம்ப், ஃபில்டர் தளரும் திசையில் திரும்ப முடியாதபடி எஞ்சினிலோ கம்பியிலோ முட்டி நிற்க வேண்டும்.

அடுத்தது பெல்லி பான், அதாவது எஞ்சினுக்கு அடியில் வரும் ஃபேரிங் (பைக்கின் வெளி மூடுதகடு). எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு உடைந்தால் அது எஞ்சினின் கீழ்க்கூடான கிராங்க் கேஸைப் பொத்துக்கொண்டு வெளியே வரலாம். எஞ்சினில் இருக்கும் எண்ணெய் முழுதும் சில நொடியில் கீழே போய்விடும். முதலில் நனைவது சொந்தப் பின் டயர்தான். அதனால்தான் சூப்பர்பைக் விதியில் எண்ணெய், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இரண்டின் மொத்தக் கொள்ளளவில் பாதியாவது இந்தத் தொட்டியில் தங்க வேண்டும், அது 5 லிட்டருக்குக் குறையக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். மழையில் தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் 25 மி.மீ. துளை உண்டு. உலர்ந்த தடத்தில் அது அடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஈரப் பந்தயம் என்று அறிவித்த பிறகே திறக்கலாம். சாலையில் ஓடும் பைக்கின் அழகுக்காக வரும் கீழ் ஃபேரிங்கில் காற்றுத் துவாரங்கள் நிறைய இருக்கும். அதை அப்படியே மாட்டிக்கொண்டு வந்தால் தேறாது.

மூன்றாவது கூலன்ட். சாலை பைக்குகளில் ஊற்றும் கிளைக்கால் கலந்த கூலன்ட் பந்தயத்தில் தடை. எஃப்.ஐ.எம். விதிப்படி தண்ணீர், அல்லது தண்ணீரோடு எத்தில் ஆல்கஹால், அவ்வளவுதான். தண்ணீர் சிந்தினால் காய்ந்துவிடும். கிளைக்கால் எளிதில் ஆவியாகாது, தார் மேல் வழுவழுப்பான படலமாகத் தங்கும், கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. ரேடியேட்டரைத் திறந்து நிறத்தையும் பிசுபிசுப்பையும் வைத்தே பரிசோதகர் கண்டுபிடித்துவிடுவார். பழையதைக் கொட்டிவிட்டு உடனே தண்ணீர் ஊற்றினால் போதாது. உள்ளே தங்கியிருக்கும் மிச்சம் போகும்வரை இரண்டு மூன்று முறை நீர் விட்டு அலச வேண்டும். வெறும் தண்ணீர் ஓடும் எஞ்சினைக் கடுங்குளிரில் அப்படியே நிறுத்திவைத்தால், உறைந்த பனி விரிந்து எஞ்சின் பிளாக்கையே வெடிக்க வைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவது பிரீதர் குழாய்கள். எஞ்சின் மூச்சுவிடும் குழாய் ஏர்பாக்ஸுக்குள் (எஞ்சினுக்குக் காற்று போகும் பெட்டி) போக வேண்டும், அல்லது கேட்ச் டேங்க் எனப்படும் சிறு கலத்துக்குள் முடிய வேண்டும். பெட்ரோல் டேங்கின் குழாய்க்கும் கலம் தேவை. பைக் கவிழ்ந்தாலும் பெட்ரோல் வெளியே வராதபடி ஒருவழி வால்வும் தேவை. கலம் இருந்தாலும், போன முறை நிரம்பியதைக் காலி செய்யாமல் வந்தால் திருப்பி அனுப்புவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நிரம்பிய கலம் அடுத்த சொட்டைத் தடத்தில்தான் விடும்.

சொன்னபடி கேட்கும் பைக்

இந்தப் பகுதியில் பரிசோதகரின் கைதான் பேசும். ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிவிட்டுக் கையை எடுப்பார். அது டப்பென்று தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஹேண்டில்பாரை இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுதாக ஒடித்து வைத்தும் இதையே செய்து பார்ப்பார். நேராக இருக்கும்போது சரியாக மூடும் ஆக்சிலேட்டர், ஒடித்த நிலையில் கேபிள் இழுபட்டுத் திறந்தபடியே நிற்பதுண்டு. வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய குறை இது. ஆனாலும் பலர் நேர் நிலையில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

ஒடித்த நிலையில் ஹேண்டில்பாருக்கும் பெட்ரோல் டேங்குக்கும் இடையில் 30 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். அது விரலுக்கான இடம். நடுவிலிருந்து இரு பக்கமும் 15 டிகிரியாவது திரும்ப வேண்டும்.

கில் ஸ்விட்ச் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஓடும் எஞ்சினை அது உடனே நிறுத்த வேண்டும். மின்சாரப் பெட்ரோல் பம்ப் உள்ள பைக்குகளில், விழுந்ததும் பம்ப் தானாக நிற்கும் ஏற்பாட்டையும் கேட்பார்கள்.

பிரேக் லீவருக்கு முன்னால் வளைந்து நிற்கும் லீவர் கார்டைப் பார்த்திருப்பீர்கள். நெருக்கமாக ஓடும்போது அடுத்தவரின் பைக்கோ உடலோ முன் பிரேக் லீவரில் பட்டால், ஓட்டுநர் தொடாமலே பிரேக் பிடித்துவிடும். 2006 கட்டலூன்யா பந்தயத்தின் முதல் வளைவில் செட்டே ஜிபர்னாவின் பைக் இப்படித்தான் தன் அணித்தோழர் லோரிஸ் கபிரோசியின் பைக்கில் பிரேக் லீவர் பட்டுத் தூக்கி எறியப்பட்டது. இன்று பெரிய போட்டிகளில் இந்தக் கார்டு கட்டாயம்.

விழும்போது குத்தக் கூடாது

பந்தயத்தில் விழுவது நடக்கக்கூடியது என்று விதி எழுதியவர்கள் ஏற்றுக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். எனவே விழும் உடலுக்கும் பைக்குக்கும் இடையே கூர்மையாக எதுவும் இருக்கக் கூடாது.

லீவரின் நுனியில் குறைந்தது 16 மி.மீ. விட்டமுள்ள உருண்டை இருக்க வேண்டும். முன்பு விழுந்தபோது நுனி உடைந்த லீவரோடு வந்தால் தேறாது. ஹேண்டில்பாரின் திறந்த குழாய் முனைகள் அடைக்கப்பட வேண்டும். கால் வைக்கும் ஃபுட்பெக்கின் முனை உருண்டையாக இருக்க வேண்டும். அடிபட்ட ஃபுட்பெக் ஒரு பக்கம் தேய்ந்து கத்திபோல ஆகியிருக்கும், அரத்தால் ராவிவிட்டால் சரியாகிவிடும். முகவிளக்கு, கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்டு, பின்னால் உட்காருபவரின் கால்பிடி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

இந்தப் பட்டியலில் நான் அதிகம் மதிக்கும் பாகம் 'ஷார்க் ஃபின்'. பின் ஸ்ப்ராக்கெட்டும் (பற்சக்கரம்) செயினின் கீழ் ஓட்டமும் சந்திக்கும் இடத்தில், ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) பொருத்தும் கைப்பிடி அளவுத் தகடு. விழுந்த ஓட்டுநரின் கையோ காலோ, ஓடும் செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே போனால் விரல்கள் போய்விடும். தடியான பிளாஸ்டிக்கிலிருந்து அறுத்தெடுத்து வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் உறுதியாகப் பொருந்தியிருக்க வேண்டும். பசை நாடா போட்டு ஒட்டியதைப் பரிசோதகர் ஏற்க மாட்டார். ஓரங்களும் மழுங்கியிருக்க வேண்டும்.

சக்கரம், பிரேக், செயின்

இங்கே விளக்கம் அதிகம் தேவையில்லை, கவனம்தான் தேவை. முன் சக்கரத்தைத் தூக்கி, அதைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைப்பார்கள். டக் டக் என்று தட்டினால் ஸ்டீயரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி வீல் பேரிங்கைப் பார்ப்பார்கள். பிரேக் பேடின் கனம், டிஸ்க்கில் விரிசல், பிரேக் குழாய்கள் ஒடிக்கும்போது டயரில் உரசுகிறதா என்பதெல்லாம் அடுத்து. பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட்டுகளுக்கும் பல போட்டிகளில் வயர் கேட்பார்கள். செயினில் கிளிப் வைத்த இணைப்பு இருந்தால், கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். ரிவிட் அடித்த இணைப்பே பாதுகாப்பானது.

சத்தமும் உடுப்பும்

சத்தத்தை அளக்கும் கருவியைச் சைலன்சர் முனையிலிருந்து 50 செ.மீ. தள்ளி, 45 டிகிரி கோணத்தில் பிடித்து, எஞ்சினைக் குறிப்பிட்ட வேகத்தில் வைத்து அளப்பார்கள். அனுமதிக்கும் டெசிபல் போட்டிக்கும் தடத்துக்கும் ஏற்ப மாறும். சைலன்சருக்குள் இருக்கும் நார் தேய்ந்துபோனால், போன பந்தயத்தில் தேறிய அதே சைலன்சர் இந்த முறை தோற்கும்.

பைக்கோடு ஹெல்மெட், தோல் உடுப்பு, கையுறை, பூட்ஸ், முதுகுக் காப்பு எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். ஹெல்மெட்டில் அங்கீகார முத்திரையைத் தேடுவார்கள். 2019இல் எஃப்.ஐ.எம். பந்தய ஹெல்மெட்டுகளுக்குத் தனக்கென்று ஒரு தரத்தைக் கொண்டுவந்தது. மோட்டோஜிபியில் காற்றுப்பை வைத்த உடுப்பு 2018 முதல் கட்டாயம். கீழ்மட்டப் போட்டிகள் இவ்வளவு கேட்காது. ஆனால் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை எந்த மட்டத்திலும் ஏற்கக் கூடாது, ஏற்க வைக்க முயலவும் கூடாது. ஹெல்மெட்டின் உள் நுரை ஒருமுறைதான் நசுங்கிக்கொடுக்கும்.

ஸ்டிக்கர் சொல்வதும் சொல்லாததும்

பரிசோதகர் எஞ்சினைத் திறந்து பார்ப்பதில்லை. வரிசையில் பலர் காத்திருக்க, வெளியில் தெரிவதையும் கைக்கு எட்டுவதையும் வைத்து முடிவெடுக்கிறார். எனவே ஸ்டிக்கரை 'இந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த குறை இல்லை' என்று படிப்பதே சரி. பைக்கின் நிலைக்குப் பொறுப்பு அணியும் ஓட்டுநரும்தான். பயிற்சி ஓட்டத்தில் விழுந்தால் அந்த ஸ்டிக்கர் செல்லாது. பைக்கை மீண்டும் காட்டி அனுமதி வாங்கிய பிறகே தடத்தில் இறங்கலாம்.

தகுதி விஷயத்தில் அனுமதி கிடைத்த பிறகும் சர்ச்சை எழலாம். 2019 கத்தார் பந்தயத்தில் டுகாட்டி தன் ஸ்விங் ஆர்முக்கு அடியில் கரண்டி போன்ற தகடு ஒன்றைப் பொருத்தியிருந்தது. போட்டியின் தொழில்நுட்ப இயக்குநர் அதை ஏற்கெனவே அனுமதித்திருந்தார். பின் டயரைக் குளிர்விக்கவே அது என்றது டுகாட்டி. ஹோண்டா, சுசுகி, ஏப்ரிலியா, கேடிஎம் நான்கும் எதிர்ப்பு மனு கொடுத்தன. அந்த ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தகடு விதிக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. மறுபக்க உதாரணமும் உண்டு. 2020 சீசனின் முதல் பந்தயத்தில் யமஹாவின் எஞ்சின்களில் அனுமதி பெறாத வால்வுகள் இருந்தது பின்னர் தெரியவந்து, தயாரிப்பாளர் பட்டியலில் யமஹாவுக்கு 50 புள்ளி குறைக்கப்பட்டது. சீல் வைத்த எஞ்சினுக்குள் இருக்கும் வால்வை எந்த முன்பரிசோதனையாலும் பார்க்க முடியாது.

தயாராகும் வரிசை

1. விதிப் புத்தகத்தின் தொழில்நுட்பப் பகுதியைப் பல வாரம் முன்பே படியுங்கள். பெல்லி பான் போன்றவற்றை முந்தைய இரவில் செய்ய முடியாது.

2. பைக்கை முழுதாகக் கழுவித் துடையுங்கள். அழுக்குப் படிந்த எஞ்சினில் புதுக் கசிவு பரிசோதகருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கழுவும்போதுதான் விரிசல் கண்ணில் படும்.

3. எண்ணெய் மாற்றி, இறுக்கி, வயர் கட்டிய பிறகு எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்துப் பாருங்கள். வயர் கட்டிய அன்றே வரிசையில் போய் நிற்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

4. இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் அதன் இருக்கையின் மேலும் சேர்த்துப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

5. வேறொருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தானே கட்டிய வயரில் உள்ள தப்பு கட்டியவர் கண்ணுக்குப் படாது.

6. பல போட்டிகளில் பெல்லி பானைக் கழற்றிய நிலையில்தான் பைக்கைக் கொண்டுவரச் சொல்வார்கள். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கம்பி, பிளையர், டார்க் ரெஞ்ச், மாற்று லீவர் ஆகியவற்றைக் கையோடு வைத்திருங்கள்.

திருப்பி அனுப்பினால் எந்த விதி, என்ன குறை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, சரிசெய்து, முடிந்தவரை அதே பரிசோதகரிடமே திரும்பக் காட்டுங்கள். அவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும், முழுப் பட்டியலும் மறுபடி ஓடாது. அவர் விதியைத் தவறாகப் படிக்கிறார் என்று உறுதியாகத் தோன்றினால் தலைமைப் பரிசோதகரிடம் விதிப் புத்தகத்தோடு போகலாம். அதற்கு நேரம் வேண்டும். எனவே பரிசோதனை திறந்தவுடன் முதல் வரிசையில் நிற்பதே நல்லது. கடைசி அரை மணியில் வருபவருக்கு வாதம் சரியாக இருந்தாலும் பயிற்சி ஓட்டம் போய்விடும்.